காட்டில் கிடைத்த பச்சைத் தத்துப்பூச்சி புதிய இனம்தானா?

கேள்வியைச் சுருக்கமாக முன்னால் வைத்துவிடுகிறேன். வெப்பமண்டல மழைக்காடு ஒன்றில், இரவில் விளக்கின் முன் கட்டிய வெள்ளைத் துணியில், 9 மி.மீ. நீளமுள்ள பச்சைத் தத்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. தலை முன்பக்கம் மூக்குபோல நீண்டிருக்கிறது. கையேடுகளில் அப்படி ஒன்று இல்லை. இணையத்தில் படம் போட்டுக் கேட்டும் எவராலும் பெயர் சொல்ல முடியவில்லை. பூச்சி இப்போது தீப்பெட்டிக்குள், ஃப்ரீசரில். இது புதிய இனமா? ஆம் என்றால் உலகத்துக்கு எப்படி அறிவிப்பது? பூச்சியைக் கண்டெடுத்தவரே பெயர் வைக்கலாமா?

இருக்கலாம். வெப்பமண்டலக் காட்டுத் தத்துப்பூச்சி விஷயத்தில் அந்த ஆசை வீண் ஆசை அல்ல. ஆனால் பெயர் தெரியாத பூச்சி வேறு, பெயரிடப்படாத பூச்சி வேறு. முதலாவது நமக்குத் தெரியாதது. இரண்டாவது யாருக்குமே தெரியாதது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. காட்டில் செலவாவது ஓர் இரவு. மிச்சமெல்லாம் பழைய காகிதங்களோடும் செத்த பூச்சிகளோடும்.

தத்துப்பூச்சி என்ற சொல்லையே முதலில் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். நெல்லைத் தாக்கும் பச்சைத் தத்துப்பூச்சி, வெண்முதுகுத் தத்துப்பூச்சி இரண்டையும் தமிழில் ஒரே சொல்லால் அழைக்கிறோம். பூச்சியியலில் இவை தூரத்து உறவுகள். பச்சைத் தத்துப்பூச்சி சிக்காடெல்லிடே குடும்பம். வெண்முதுகும், நெல்லின் இன்னொரு பூச்சியான புகையானும் டெல்ஃபாசிடே குடும்பம்; அது ஃபுல்கோரோமார்ஃபா என்ற பெரும் பிரிவில் வருகிறது. உங்கள் பூச்சி எந்தப் பக்கம் என்று பார்க்க 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். ஃபுல்கோரோமார்ஃபா என்றால் உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் முளைத்திருக்கும். அதன் இரண்டாம் கணு உருண்டு பருத்திருக்கும். மேற்பரப்பில் நுண்ணிய உணர்குழிகள் இருக்கும். நுனியிலிருந்து ஒரு மயிரிழை நீளும். முன்னிறகு மார்போடு சேரும் இடத்தில் தோள்பட்டை வைத்தாற்போல ஒரு சிறு செதில் தெரியும். இறகின் பின்விளிம்பை ஒட்டிய பகுதியில் இரண்டு நரம்புகள் சேர்ந்து ஒன்றாகி, உண்டிவில்லின் கவட்டைபோல நிற்கும். பின்னங்காலையும் திருப்பிப் பாருங்கள். சிக்காடெல்லிடே பூச்சிகளுக்குச் சீப்புப் பற்கள்போல முட்கள் வரிசை கட்டி நிற்கும். ஃபுல்கோரோமார்ஃபாவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில முட்கள்தான்.

இவ்வளவும் பொருந்தினால் அடுத்தது குடும்பம். ஃபுல்கோரோமார்ஃபாவில் சுமார் 20 குடும்பங்கள் இருக்கின்றன. பின்னங்காலின் நீண்ட கணு, பாதத்தின் முதல் கணு, இரண்டாம் கணு, இந்த மூன்றின் நுனியிலும் எத்தனை பற்கள் என்று எண்ணி எழுதுவது இத்தொழிலின் அரிச்சுவடி. டெல்ஃபாசிடே என்றால் பின்னங்காலின் நுனியில் அசையக்கூடிய குதிமுள் ஒன்று இருக்கும். வேறு குடும்பத்தில் அது கிடையாது. டெர்பிடே என்றால் உறிஞ்சும் அலகின் கடைசிக் கணு மிகவும் குட்டை. நீண்ட தலையும் பச்சை உடலும் கண்ணாடி இறகும் என்றால் டிக்டியோஃபாரிடே குடும்பம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் ட்ரோபிடுகிடே குடும்பத்திலும் நீள்தலைப் பூச்சிகள் உண்டு. நீண்ட மூக்கு பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றிய ஒன்று. மூக்கை வைத்து உறவைச் சொல்லிவிட முடியாது. படத்தைப் பார்த்த ஒருவரும் பெயர் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். படத்தில் மூக்கு தெரிந்திருக்கும். கால் நுனியின் பற்கள் தெரிந்திருக்காது.

"கையேட்டில் இல்லை" என்பதை ஆதாரமாக நினைக்காதீர்கள். உலகில் 13,000-க்கும் மேற்பட்ட ஃபுல்கோரோமார்ஃபா இனங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. கையேட்டில் இடம்பிடிப்பவை பயிரைக் கெடுப்பவையும் கண்ணைப் பறிக்கும் அழகு கொண்டவையும்தான். மற்றவை எல்லாம் நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழமையான தொகுதிகளில் கிடக்கின்றன. பாரிஸில் தியரி பூர்குவான் பராமரிக்கும் 'ஃப்ளோ' என்ற இணையத் தரவுத்தளம் இந்தப் பெயர்களைத் திரட்டி வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜீனோ பெய்ன் மெட்காஃப் 1932 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பெரும் பட்டியல் இருக்கிறது. உங்கள் பூச்சி எந்தப் பேரினம் என்று குத்துமதிப்பாகத் தெரிந்ததும், அந்தப் பேரினத்தின் எல்லா இனப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் முதல் விவரிப்பையும் தேடிப் படிக்க வேண்டும். லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் வரும். சோம்பலுக்கு இங்கே இடம் இல்லை.

படித்த பிறகுதான் உண்மையான தலைவலி தொடங்கும். உதாரணத்துக்கு, வில்லியம் லூக்காஸ் டிஸ்டன்ட். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் குறித்த நூல்வரிசையில் இந்தப் பூச்சிகளுக்கான தொகுதிகளை எழுதியவர். நம் பிரிவு வரும் தொகுதி 1906-இல் வெளிவந்தது. மனிதர் அசராத உழைப்பாளி. பெயரிட்ட இனங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் விவரிப்பு பெரும்பாலும் நிறம், புள்ளி, இறகு, அளவு என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும். "உடல் பச்சை, தலை நீண்டது, இறகு நிறமற்றது" என்ற வகையில் ஒரு விவரிப்பு இருந்தால் அது உங்கள் பூச்சிக்கும் பொருந்தும். அதே காட்டின் இன்னும் ஐந்தாறு இனங்களுக்கும் பொருந்தும். அதற்காக அந்தப் பெயரை ஒதுக்கிவிட முடியாது. விலங்குகளின் பெயரிடலில் முந்திய பெயருக்கே முன்னுரிமை. கணக்குத் தொடங்கும் நாள் 1758 ஜனவரி 1, லின்னேயஸின் 'சிஸ்டமா நாச்சுரே' பத்தாம் பதிப்பு. அன்றுமுதல் அச்சான எந்தப் பெயரும் உங்கள் பூச்சிக்கு உரியதாக இருக்கலாம். அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு உங்களுடையது.

அதற்கு ஒரே வழி, அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் அசல் பூச்சியைப் பார்ப்பதுதான். லண்டன், பாரிஸ், வியன்னா, ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகங்களில், ஊசியில் குத்தி, மங்கிய சீட்டுகளோடு அவை இருக்கின்றன. வெப்பமண்டலக் காடுகள் ஓரிடத்தில், அவற்றின் பெயர்தாங்கிகள் வேறிடத்தில் என்பது காலனிய காலம் விட்டுச்சென்ற நிலைமை. இன்று பல அருங்காட்சியகங்கள் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. கேட்டால் பொறுப்பாளர்கள் படம் எடுத்து அனுப்புவதும் உண்டு. ஆனால் மேலிருந்து எடுத்த படம் பல நேரம் போதாது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

என் கதை ஒன்று. டெர்பிடே பூச்சி ஒன்றைப் புதியது என்று நம்பி எட்டு மாதம் உழைத்தேன். வரைபடங்கள் முடிந்தன, பெயர்கூட முடிவாகிவிட்டது. அதன் பிறகுதான், அதே பூச்சியின் பெண்ணை மட்டும் பார்த்து ஒருவர் நூறாண்டுக்கு முன் வேறொரு பேரினத்தில் சேர்த்துப் பெயர் வைத்திருப்பது தெரிந்தது. நான் தேடிய பட்டியலில் அந்தப் பேரினமே இல்லை. வரைந்த படங்கள் வீண்போகவில்லை. அந்தப் பழைய இனத்தின் ஆணை முதன்முதலாக விவரிக்கும் சிறு கட்டுரையாக வந்தன. முடிவு செய்து வைத்திருந்த பெயர் மட்டும் என் குறிப்பேட்டோடு நின்றது.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. நெல்லின் புகையானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஸ்டோல் 1854-இல் அதற்கு 'டெல்ஃபாக்ஸ் லூகன்ஸ்' என்று பெயரிட்டார். லூகன்ஸ் என்றால் லத்தீனில் துக்கம் காப்பது. அந்தக் கரும்பழுப்பு உடலுக்குப் பொருத்தம்தான். 1906-இல் மேலே சொன்ன டிஸ்டன்ட், இலங்கையிலிருந்து வந்த ஒரு பூச்சியைப் புதிய பேரினம், புதிய இனம் என்று நினைத்து 'நிலபர்வதா கிரீனி' என்று அறிவித்தார். நீல பர்வதம், அழகான பெயர். பின்னால் பார்த்தால் இரண்டும் ஒரே பூச்சி. கிரீனி ஒத்தபெயராகிப் பின்னுக்குப் போனது. ஆனால் டெல்ஃபாக்ஸ் பேரினத்தில் அந்தப் பூச்சிக்கு இடமில்லை என்பதால் டிஸ்டன்டின் பேரினப் பெயர் நிலைத்தது. ஆகவே இன்று அது நிலபர்வதா லூகன்ஸ். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஸ்டோல், 1854. அந்த அடைப்புக்குறி அலங்காரம் அல்ல. பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார், பூச்சி பிறகு வீடு மாறியது என்று அதற்கு அர்த்தம்.

இனி, படம் ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். இந்தப் பூச்சிகளில் இனத்துக்கு இனம் தெளிவாக மாறுவது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. வெளியே ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பச்சைப் பூச்சிகளின் வயிற்று நுனியைத் திறந்தால் இரண்டு வேறு உலகங்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காய்ந்த பூச்சியை ஈரமான மூடிய பெட்டியில் ஒரு நாள் வைத்து இளக்குகிறோம். மெல்லிய இடுக்கியால் வயிற்றுப் பகுதியை மட்டும் கழற்றி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, வெந்நீரில் வைத்து மிதமாகச் சூடாக்குகிறோம். சில நிமிடங்களில் தசையும் கொழுப்பும் கரைந்து, கடினமான ஓடு மட்டும் தேன் நிறத்தில் தெளியும். அதிக நேரம் விட்டால் ஓடும் வெளுத்துப்போகும். எனவே அடுப்பில் பால் வைத்தவரைப்போலப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீரில் அலசிக் கிளிசரின் துளியில் இட்டு, நுண்ணோக்கிக்குக் கீழே மிக நுண்ணிய ஊசிகளால் உறுப்பைப் பிரித்தெடுக்கிறோம். இரு பக்கமும் அணைத்து நிற்கும் பிடிப்பான்கள், நடுவே ஆணுறுப்பு, மேலே குதக்குழல். டிக்டியோஃபாரிடேயில் ஆணுறுப்பைச் சுற்றிச் சவ்வுப்பைகள் உண்டு; காற்றிறங்கிய பலூன்போலச் சுருங்கிக் கிடக்கும். அவற்றை நுண்குழலால் ஊதி விரித்தால்தான் அவற்றின் மேலுள்ள முட்களின் எண்ணிக்கையும் திசையும் தெரியும். உங்கள் பூச்சியின் தலையெழுத்து அந்த முட்களில் இருக்கிறது.

வரையும்போது ஒரு எச்சரிக்கை. உறுப்பைப் பத்து டிகிரி திருப்பினாலே ஒரு முள் பாதி நீளமாகத் தெரியும். பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று நேர்கோணங்களில் வைத்து வரைய வேண்டும். "புதிய இனம்" என்று வந்த சில படங்கள், பழைய இனத்தைச் சாய்த்து வைத்து வரைந்தவை. வேலை முடிந்ததும் உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய மிகச்சிறிய குப்பியில் இட்டு, அதே பூச்சியின் ஊசியிலேயே கீழே குத்தி வைப்போம். பூச்சியும் அதன் உறுப்பும் பிரிந்தால் இரண்டுமே அநாதை.

ஆகவே முதல் நடைமுறைக் கேள்வி: தீப்பெட்டியில் இருப்பது ஆணா, பெண்ணா? வயிற்று நுனியைக் கீழிருந்து பாருங்கள். பெண்ணாக இருந்தால், அதை மட்டும் வைத்து அறிவிக்க விதி தடுக்கவில்லை. ஆனால் செய்யாதீர்கள் என்பேன். எனக்கு எட்டு மாதம் தண்ணி காட்டியவர் செய்தது அதுதான்.

ஆணே கிடைத்தாலும் ஏமாற இடம் இருக்கிறது. ஒரே இனத்தில் நீண்ட இறகுள்ளவையும் குட்டை இறகுள்ளவையும் இருக்கலாம், புகையானே அப்படித்தான். பச்சை நிறம் எத்தனாலில் போட்டால் வைக்கோல் நிறமாகிவிடும்; உடலின் வெண்மெழுகுப் பொடி உதிர்ந்துவிடும். நிறத்தை உயிரோடு இருக்கும்போதே படமெடுத்து வைக்காவிட்டால் "மஞ்சள் நிற இனம்" என்று நாமே எழுதிவிடுவோம். எல்லாவற்றிலும் மோசமானது ஒட்டுண்ணி. தத்துப்பூச்சியின் வயிற்றுக்குள் ஸ்ட்ரெப்சிப்டெரா என்ற பூச்சி குடியிருப்பது உண்டு. ட்ரைனிடே குளவியின் புழு வயிற்றோரத்தில் சிறு பைபோலத் தொங்கிக்கொண்டு தின்பதும் உண்டு. அப்படித் தின்னப்பட்ட ஆணின் உறுப்பு சரியாக வளராமல் சிதைந்திருக்கும். அந்தச் சிதைவைத் தனி இனத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால் நோயாளிக்குப் பெயர் வைத்ததாகிவிடும். வயிற்றோரத்தில் பை இருக்கிறதா, கணுக்களுக்கிடையே ஏதாவது துருத்துகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

டி.என்.ஏ. பார்த்தால் இந்தச் சிரமம் எல்லாம் வேண்டாமே என்று கேட்பீர்கள். பாருங்கள், ஃப்ரீசரில் வைத்தது நல்ல காரியம். நடுக்கால் ஒன்றை எடுத்து அனுப்பினால் போதும். 2003-இல் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறைப்படி, சி.ஓ.1 என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படிப்பார்கள். ஆனால் அதை எதனோடு ஒப்பிடுவது? காட்டுத் தத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் வரிசை எந்த நூலகத்திலும் இல்லை. நூற்றாண்டுப் பழமையான பெயர்தாங்கியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதும் எளிதல்ல. "ஒத்தது எதுவும் இல்லை" என்று விடை வந்தால் அது பூச்சியின் புதுமையைக் காட்டவில்லை, நூலகத்தின் வறுமையைக் காட்டுகிறது. போதாததற்கு வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழி மரபணுக்களைத் தன் போக்கில் பரப்பிக் கணக்கைக் குழப்பும். டி.என்.ஏ. மிகவும் உதவுவது வேறிடத்தில்: இந்தப் பெண்ணும் அந்த ஆணும், வாலில் மெழுகு நூல் தொங்கும் இந்தக் குஞ்சும் ஒரே இனமா என்று சேர்த்துவைப்பதில்.

குஞ்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. இசஸ் என்ற ஐரோப்பியத் தத்துப்பூச்சியின் குஞ்சுக்குப் பின்னங்கால்களின் அடியில் ஒன்றோடொன்று கவ்விச் சுழலும் பற்சக்கரங்கள் இருப்பதை மால்கம் பர்ரோசும் கிரிகரி சட்டனும் 2013-இல் காட்டினார்கள். இரண்டு கால்களும் ஒரே கணத்தில் உதைக்க அந்த ஏற்பாடு. கடைசித் தோலுரிப்பில் பற்கள் போய்விடும். காட்டில் குஞ்சு கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முதிர்பூச்சியில் இல்லாத செய்தி அதில் இருக்கும்.

உருவத்தில் ஒன்றாகவே இருந்து பாட்டில் பிரிபவையும் உண்டு. தத்துப்பூச்சிகள் செடியின் தண்டு வழியாக அதிர்வை அனுப்பிப் பேசுகின்றன. நம் காதுக்கு எட்டாது. 1980-களில் மைக்கேல் கிளாரிட்ஜும் அவருடைய சகாக்களும் நெல்லில் வாழும் புகையானையும், லீர்சியா என்ற புல்லில் வாழும் புகையானையும் ஒப்பிட்டார்கள். பார்க்க வேறுபாடு இல்லை. அதிர்வின் தாளம் வேறு. இணையைத் தேர்ந்தெடுக்கும்போது தன் தாளக்காரரையே நாடின. ஆகவே பூச்சி எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பது சாதாரணத் தகவல் அல்ல. விளக்குக்கு வந்த பூச்சியிடம் இல்லாதது அந்தத் தகவல்தான்.

படத்தை மட்டும் வைத்து அறிவிக்கலாமா என்ற கேள்வியும் வரும். 2015-இல் தென்னாப்பிரிக்காவின் ஈ ஒன்றை, பிடித்த பூச்சி தப்பிவிட்டதால், படத்தை வைத்தே விவரித்தார்கள். விதிப்படி செல்லும் என்று வாதிட்டவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. நான் கொதித்தவர்கள் பக்கம். இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. மலேசியக் காட்டில் ஒருவர் எடுத்த பச்சைக் கண்ணாடியிறகுப் பூச்சியின் படம் இணையத்தில் கிடந்தது. பூச்சியியலாளர் ஷான் வின்டர்டன் அதைப் பார்த்துப் புதியது என்று சந்தேகப்பட்டார். ஆனால் அவசரப்படவில்லை. படமெடுத்தவர் அதே இடத்துக்கு மறுபடி போய்ப் பூச்சியைப் பிடித்து அனுப்பும்வரை காத்திருந்தார். அதே இனம் லண்டன் அருங்காட்சியகத்திலும் பெயரில்லாமல் இருந்தது தெரிந்தது. 2012-இல் செமாகிரைசா ஜேட் என்ற பெயரோடு வந்த கட்டுரையில் படமெடுத்தவரும் ஓர் ஆசிரியர். உங்கள் நிலைமைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

இவ்வளவும் கடந்து, இது எந்தப் பழைய பெயருக்கும் உரியதல்ல என்று உறுதியானால், எழுதுவது கடினமல்ல. சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கேட்பவை சில: பெயர் புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மற்ற இனங்களிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளைச் சொல்ல வேண்டும், ஹோலோடைப் என்ற ஒற்றைப் பூச்சியைச் சுட்டி, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று குறிப்பிட வேண்டும். மின்வடிவில் மட்டும் வெளிவருவதானால், 2012 திருத்தத்தின்படி சூபேங்க் பதிவேட்டில் பதிய வேண்டும். இத்தனை முள், இவ்வளவு நீளம் என்று பக்கம் பக்கமாக விவரிப்பவர்கள் பிரித்துக்காட்டும் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பின்னால் வருபவருக்குத் தேவை அந்த இரண்டு வரிதான். நெருங்கிய இனம் எது, அதிலிருந்து இது எதில் மாறுகிறது என்று அங்கே உழைத்து எழுதுங்கள். ஹோலோடைப் ஒன்றே ஒன்று. அதோடு பார்த்த மற்றவை பாராடைப். பின்னாளில் விவரிப்பில் பிழை தெரிந்தாலும் பெயர் அந்த ஒற்றைப் பூச்சியோடு போகும், எழுத்தோடு அல்ல.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாடு, இடம், ஆயத்தொலை, உயரம், தேதி, பிடித்த முறை, பிடித்தவர். எத்தனால் புட்டிக்குள் போடுவதைப் பென்சிலால் எழுதுங்கள். லேசர் அச்சில் அழகாக எடுத்த சீட்டுகள் எத்தனாலில் ஊறி, எழுத்துகள் கழன்று, புட்டியின் அடியில் கருந்தூளாகக் கிடந்ததை ஒருமுறை பார்த்தேன். மேலே வெற்றுத்தாள், உள்ளே முப்பது பூச்சிகள். எந்தக் காடு என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

பெயர். ஆம், விவரித்து வெளியிடுபவர் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இல்லை, ஆனால் சிரிப்பார்கள். எழுத்து லத்தீன் எழுத்தாக இருக்க வேண்டுமே தவிர, சொல் லத்தீனாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்ச் சொல்லையும் பெயர்ச்சொல்லாக அப்படியே வைக்கலாம். இந்தப் பிரிவில் பெயரிட்டவர்களில் ஜார்ஜ் கிர்கால்டி ஒரு சுவாரசியமான ஆள். தென்னிந்தியாவில் காணப்படும் அழகிய ஃபுல்கோரிடே குடும்பப் பேரினம் ஒன்றுக்குக் 'காளிதாசா' என்று 1900-இல் பெயர் தந்தவர். அதே மனிதர் வேறு பூச்சிகளுக்குப் பாலிகிஸ்மே, பெக்கிகிஸ்மே என்று வைத்தார். உரக்கப் படித்தால் ஆங்கிலத்தில் பாலியிடமும் பெக்கியிடமும் முத்தம் கேட்பதாக ஒலிக்கும். இடப்பெயரை வைக்கும்போது மட்டும் யோசியுங்கள். நாளை அதே பூச்சி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தாலும் பெயரை மாற்ற முடியாது. பொருந்தாத பெயரும் நிலைத்துவிடும் என்பதற்கு நீள்மூக்குக்காரர்களில் புகழ்பெற்ற ஃபுல்கோரா லாட்டர்னாரியா சாட்சி. சுரினாமில் அதைப் பார்த்த மரியா சிபில்லா மேரியன், அதன் தலை இரவில் ஒளிரும் என்று 1705-இல் எழுதினார். லின்னேயஸ் விளக்கு என்ற பொருளில் பெயர் வைத்தார். தலை ஒளிர்வதில்லை. மூன்று நூற்றாண்டாகியும் விளக்கு அணையவில்லை.

காலம் எவ்வளவு ஆகும்? 2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, ஒரு புதிய இனம் முதலில் பிடிபட்டதிலிருந்து பெயர் பெறும்வரை சராசரியாக 21 ஆண்டுகள் பெட்டியில் காத்திருக்கிறது என்று தெரிந்தது. ஆளில்லை என்பதுதான் காரணம். ஒரு குடும்பத்தை முழுதாக அறிந்தவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவே. அவர்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். டிக்டியோஃபாரிடே குறித்து அண்மையில் கட்டுரை வெளியிட்டவரைத் தேடி, படம், இடம், பூச்சி ஆணா பெண்ணா என்பது, இந்த மூன்றையும் நாலு வரியில் அனுப்புங்கள். "இது புதிய இனம்" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வருகின்றன. கூட்டாசிரியராக உழைக்கத் தயார் என்று சொல்லுங்கள், நல்லவர்கள் மறுப்பதில்லை.

அதற்கு முன் இரண்டு காரியம். பூச்சியை எடுத்த காட்டில் எடுக்க அனுமதி இருந்ததா என்று பாருங்கள். உயிர்வளப் பகிர்வுக்கான நகோயா உடன்படிக்கை 2014-இல் நடைமுறைக்கு வந்தபின், காகிதம் இல்லாத பூச்சியை நல்ல அருங்காட்சியகம் வாங்காது. அனுமதி இல்லையென்றால் அதை இப்போதே வாங்கிக்கொண்டு மறுபடி போங்கள். எப்படியும் போகத்தான் வேண்டும். இந்த முறை விளக்கை மட்டும் நம்பாமல், பகலில் கைவலையோடு புதர்களையும் தாழ்ந்த கிளைகளையும் வீசித் தட்டுங்கள். வலைக்குள் விழுந்ததை உறிஞ்சுகுழலால் எடுத்து, விழுந்த செடியின் இலையையும் பூவையும் சேர்த்து அழுத்தி வையுங்கள். ஐந்தாறு ஆண்கள், இரண்டு மூன்று பெண்கள், கிடைத்தால் குஞ்சு. சில எத்தனாலில், சில உலர்வாக, முக்கோண அட்டை நுனியில் ஒட்டி ஊசியில். தீப்பெட்டியில் இருக்கும் முதல் பூச்சியை இப்போது தொடாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் தேதியும் இடமும் பென்சிலால் எழுதி, அதனுடன் உள்ளே போட்டு மூடிவிடுங்கள்.